ஒரு ஸ்டிக்கர், பல கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பண்ருட்டியில் முந்திரிப்பருப்பு ஏற்றிய லாரி ஒன்று டெல்லிக்குக் கிளம்புகிறது. ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மாநிலம் மாறிக்கொண்டே போகும். டோல்கேட்டை நடத்தும் குத்தகைதாரர் மாறுவார், அவருடைய வங்கி மாறும், அங்கே உட்கார்ந்திருப்பவர் பேசும் மொழியும் மாறும். ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் ஒன்றுதான். அது எல்லா இடத்திலும் செல்லுபடியாவதை ஓட்டுநர் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. வரிசை நீளமாக இருந்தால் மட்டும் திட்டுவார்.

இதே லாரி ஐரோப்பாவில் பல நாடுகளைக் கடந்தால் கதை வேறு. ஒரு நாட்டுக்கு ஒரு கருவி என்று கண்ணாடிக்குக் கீழே பெட்டிகளை வரிசையாக வைத்திருந்த ஓட்டுநர்கள் அங்கே உண்டு. ஒரு கருவி, ஒரு ஒப்பந்தம் போதும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இலேயே சட்டம் போட்டது. ஆனால் இத்தாலி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனக்கென ஒரு முறையைப் பரப்பிவிட்டது. ஜெர்மனியோ 2005 ஜனவரியில் லாரிகளுக்கு செயற்கைக்கோள் வழியாகத் தூரம் கணக்கிடும் பெட்டியைக் கொண்டுவந்தது. கோடி கோடியாகப் பணம் போட்டு வாங்கிய கருவியைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? 2019இல் அந்தச் சட்டத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா பகுதிச் சாலை நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்தில் ஒன்றுகூடி ஈ-ஸீபாஸ் என்ற பொதுக் கருவியை உருவாக்கின. கலிபோர்னியாவும் டெக்சாஸும் தனி வழியில் போயின. நாடு முழுக்க எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்று 2012இல் அங்கே சட்டம் வந்தது. கெடு 2016 அக்டோபர். அதற்குப் பணமும் ஒதுக்கவில்லை, செய்யாவிட்டால் என்ன தண்டனை என்றும் சொல்லவில்லை. கெடு வந்தது, போனது.

நாம் தப்பித்ததற்குக் காரணம், தாமதமாகத் தொடங்கினோம். மின்னணுக் கட்டணம் நாடெங்கும் பரவுவதற்கு முன்பே, 2010இல், நந்தன் நிலேகனி தலைமையிலான குழு ஒரே தொழில்நுட்பத்தைப் பரிந்துரைத்தது. பேட்டரி இல்லாத ரேடியோ ஸ்டிக்கர். டோல்கேட்டின் ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே சில்லுக்குத் தேவையான மின்சாரம் கிடைத்துவிடும். நம் நாட்டில் அப்போது அதற்கு இருந்தது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. பேட்டரி இல்லாததால் விலை குறைவு, பல வருஷம் தாங்கும். 2014இல் அகமதாபாத் – மும்பை சாலையில் சோதனை, 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலை முழுக்கக் கட்டாயம்.

ஆனால் ஸ்டிக்கரைப் படிப்பது இதில் சுலபமான பாதி. பணம்தான் கடினமான பாதி.

கடலூர் கார் ஒன்று திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டி டோல்கேட்டைக் கடக்கிறது. ஸ்டிக்கர் கொடுத்தது ஒரு வங்கி. டோல்கேட்டுக்குக் கணக்குப் பார்ப்பது வேறொரு வங்கி. இருவருக்கும் நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., நிற்கிறது. ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்து, இது யாருடையது, பேலன்ஸ் இருக்கிறதா, பிளாக்லிஸ்ட்டில், அதாவது முடக்கிய ஸ்டிக்கர்களின் பட்டியலில், இருக்கிறதா என்று அது சொல்லும். தடுப்புக்கம்பியைச் சில விநாடிகளில் தூக்க வேண்டும். பணம் உண்மையில் கைமாறுவது அப்புறம். அந்த இடைவெளியில் பேலன்ஸ் தீர்ந்துபோனால் நஷ்டம் யாருக்கு? வண்டியை விட்ட டோல்கேட்டுக்கா, ஸ்டிக்கர் கொடுத்த வங்கிக்கா? எந்த நாட்டிலும் இரண்டு சாலை நிறுவனங்கள் கைகோக்கத் தயங்குவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து. பொறியாளர்கள் ஒரு மாதத்தில் ஒத்துப்போவார்கள். கணக்காளர்கள் ஒத்துப்போக வருஷக்கணக்கில் ஆகும்.

2025 பிப்ரவரியில் ஒரு விதி வந்தது நினைவிருக்கும். ஸ்டிக்கர் படிக்கப்படுவதற்கு முன் 60 நிமிடத்துக்கு மேல் பிளாக்லிஸ்ட்டில் இருந்து, படித்த 10 நிமிடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அந்தப் பரிவர்த்தனை செல்லாது. டோல்கேட் வாசலில் நின்று ரீசார்ஜ் செய்யும் வழக்கம் போச்சு என்று பலர் பதறினார்கள். அது இரண்டு வங்கிகளுக்கு இடையிலான தகராறைத் தீர்க்கும் விதி என்று நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தில் இன்னொரு தகவலும் இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகள், டோல்கேட்டும் வங்கியும் தகவல் பரிமாறும் நெறிமுறையின் 2.5 பதிப்பில் இயங்குகின்றன. ரீசார்ஜ் செய்தது அங்கே உடனே தெரியும். மாநில நெடுஞ்சாலைகளில் சில டோல்கேட்டுகள் அப்போதும் பழைய 2.4இல் இருந்தன, அந்த முறையில் பட்டியல் அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்படும். அதாவது பணம் கட்டிவிட்டு ஃபோனில் மெசேஜைக் காட்டினாலும், கம்ப்யூட்டர் பழைய பட்டியலைப் பார்த்துக்கொண்டு கம்பியைத் தூக்காமல் நிற்கலாம். ஸ்டிக்கர் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான், ஆனால் அது என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு விடை. அவற்றையும் 2.5க்கு மாற்றும் திட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். நடந்தால் நல்லது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு வழி. ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி. மூன்றும் தேசிய நெடுஞ்சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் உத்தண்டியில் கட்ட வேண்டும். அது தமிழ்நாடு அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் டோல்கேட். ஃபாஸ்டேக் இரண்டு வழியிலும் வேலை செய்யும். ஆனால் 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு வருடாந்திர பாஸ் வந்ததே, ஒரு வருடம் அல்லது 200 முறை, அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் தேசிய விரைவுச்சாலைகளுக்கும் மட்டும். சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்குத்தான். பாஸ் இருக்கிறது என்று நம்பி ஈ.சி.ஆர். பக்கம் திரும்பினால், உத்தண்டியில் சத்தமில்லாமல் வழக்கமான கட்டணம் கழியும். ஸ்டிக்கர் படிக்கப்பட்டது, பணமும் சரியாகப் போனது, யார் மீதும் தப்பில்லை. ஆனால் காரில் இருப்பவருக்கு ஏமாந்த மாதிரிதான் இருக்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது புதுச்சேரி வண்டிகளின் நிலை. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட் முன்னால் இருக்கும் கட்டணப் பலகையைப் பாருங்கள். கடைசியில் ஒரு பத்தி இருக்கும்: அந்த டோல்கேட் இருக்கும் மாவட்டத்தில் பதிவான வணிக வாகனங்களுக்குச் சலுகைக் கட்டணம். நேஷனல் பெர்மிட் வண்டிகளுக்கு இது கிடையாது, சரி. மொரட்டாண்டி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, விழுப்புரம் சாலையில் இருக்கும் கெங்கராம்பாளையமும் அப்படியே. அப்படியானால் செஞ்சிப் பக்கத்து லோடு வேனுக்குச் சலுகை உண்டு. மொரட்டாண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரி வேனுக்கு, நம்பர் பி.ஒய். என்பதால், இல்லை. மாவட்ட எல்லையை வைத்து விதி எழுதியவர்கள், பாகூர், வில்லியனூர் பக்கம் வரப்புக்கு வரப்பு ஆட்சி மாறும் ஒரு ஊரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சொந்த வண்டிக்கான மாதாந்திர உள்ளூர் பாஸில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. அந்த அளவுகோலையே வணிக வண்டிக்கும் வைத்தால் என்ன குறைந்துவிடும்? இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், விதியில் ஒரு வரி மாற்றினால் போதும்.

சிதம்பரம் சாலையில் கொத்தட்டை டோல்கேட்டில் 2024 டிசம்பரில் கட்டணம் தொடங்கியபோது தனியார் பஸ் உரிமையாளர்கள் எதிர்த்ததும் இதைப் போன்ற கேள்விதான். ஒரே பஸ் ஒரே கம்பியை நாள் முழுக்க போக வரக் கடக்கிறது. அதற்கு எவ்வளவு என்பதை ஸ்டிக்கர் சொல்லாது.

அடுத்த கட்டம் கம்பியே இல்லாத டோல். மேலே கேமராவும் ஆன்டெனாவும் இருக்கும், வண்டி வேகம் குறைக்காமல் போகலாம். குஜராத்தில் சோரியாசி டோல்கேட்டை இதற்கு முதலாவதாக 2025இல் தேர்ந்தெடுத்தார்கள். கம்பி இல்லாத இடத்தில் ஸ்டிக்கர் வேலை செய்யாவிட்டால், நம்பர் பிளேட்டை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்ப முடியும். நம் பக்கத்தில் நம்பர் பிளேட் எழுத்தை வளைத்து நெளித்து, பூ வேலை செய்து, நடுவில் குலதெய்வத்தையும் சேர்க்கிறார்கள். கேமரா அதைப் படித்து என்ன புரிந்துகொள்ளும் என்று தெரியவில்லை. உங்கள் எண்ணைத் தவறாகப் படித்தால் நோட்டீஸ் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும், அவருடையது உங்கள் வீட்டுக்கு வரும். வாகனப் பதிவில் பழைய முகவரியும் பழைய ஃபோன் எண்ணும் கிடந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தவறாகப் பணம் கழிந்தால், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைக்கலாம். மாநிலச் சாலை என்றால் ஸ்டிக்கர் கொடுத்த வங்கியில்தான் புகார் தொடங்க வேண்டும். எது எந்தச் சாலை என்பது கழிவு மெசேஜில் இருக்கும் டோல்கேட் பெயரைப் பார்த்தால் தெரியும், அதனால் மெசேஜை அழிக்காமல் வையுங்கள். நன்றி, வணக்கம்.