கணினியை இரவில் அணைப்பதா, ஓட விடுவதா?

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். பழுது பார்த்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர்கள், அங்கே நின்று திரும்பிக் கேட்பார்கள்: "அண்ணே, ராத்திரியில இத ஆஃப் பண்ணணுமா, ஓடட்டும்னு விட்டுடலாமா?" அப்பா கரண்ட் பில்லை நினைத்துக் கேட்பார். மகனோ, அடிக்கடி அணைத்தால் கெட்டுவிடும் என்பான்.

மகன் சொல்வதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும். நின்ற தட்டைச் சுழற்றிவிடும் நேரத்தில்தான் அதற்குச் சுமை அதிகம். அதற்குப் பதிலாக இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழல ஒன்றுமே இல்லை. தினமும் அணையுங்கள், ஒன்றும் ஆகாது.

அப்பாவின் கணக்குக்கு வருவோம். மேசைக் கணினி சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாக விட்டால் மாதத்துக்கு 43 யூனிட். அணைக்காமல் தூங்க வைக்கும் 'ஸ்லீப்' போட்டுவிட்டால் 3 வாட் போதும், மாதத்துக்கு 2 யூனிட்தான். ஏர்கோன் ஓடும் வீட்டில் இதெல்லாம் பெரிய தொகையில்லை, ஆனாலும் வீண் வீண்தானே.

அணைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் பெரும்பாலான கணினிகள் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் விழிப்பதற்காக உள்ளே ஓடிய விண்டோஸின் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். "தினமும் அணைக்கிறேனே, ஏன் மெதுவாக ஓடுகிறது?" என்று கேட்பவர்களிடம் 'ரீஸ்டார்ட்' கொடுக்கச் சொல்வேன். அதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை போதும்.

ஆனால் என் மேசைக்கு வரும் பெட்டிகளைப் பார்த்தால், அணைத்ததாலோ ஓடவிட்டதாலோ செத்தவை குறைவு. இடியால் செத்தவைதான் அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்தாலும், அதன் மின்னதிர்ச்சி கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் கணினி ஓடுகிறதா, தூங்குகிறதா என்று அது பார்ப்பதில்லை. சுவர் சுவிட்சைத் தட்டினாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது, மின்னல் அதைத் தாண்டிவிடும். பிளக்கையே பிடுங்க வேண்டும். அதுவும் வானம் கறுக்கும்போதே. இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடாதீர்கள்.

மின்னதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வோர் அதிர்ச்சியிலும் கொஞ்சம் தேயும். பல வருடமாக மேசைக்கடியில் கிடப்பதை நம்பாதீர்கள். அதிலுள்ள சிறு விளக்கு எரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

முக்கியமாகத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இந்த மேற்குக் கரையில் இடிமழை ஓங்கும். நாமும் அப்போதுதான் வீட்டைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ கிளம்புகிறோம். இடியில் வீட்டின் டிரிப் சுவிட்ச் விழுந்தால் ஏற்றிவிட ஆளிருக்காது. டிஸ்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்த கணினி பாதியில் நின்றால் கோப்புகள் கெடலாம். அணைத்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பெட்டியைத் துணியால் சுற்ற வேண்டாம், ஈரம் தங்கும். பவர் சப்ளைக்குள் காய்ந்த பல்லியை எடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். பின்பக்கத்தில் கார்டு செருகும் காலி ஓட்டைகளுக்கெல்லாம் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

மோடத்தையும் மறந்துவிடாதீர்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே செருகியிருக்கிறது? மின்னல் அதன் வழியாக ஏறி, மோடத்தையும் கணினியையும் இணைக்கும் லேன் கேபிளில் நடந்து கணினிக்குள் போய்விடும். கணினியைக் கழற்றும்போது அடாப்டர், லேன் கேபிள் இரண்டையும் சேர்த்தே கழற்றுங்கள்.