அப்பத்தா நடந்த ரோடு, கேம் எஞ்சினுக்குள்ள

(யாங்கோன்ல நம்ம தமிழ் வகுப்பு பிள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் பேசுனத ஒரு தம்பி போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாரு, அத கேட்டு எழுதினது.)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி பெரியவங்க உக்காந்திருக்கீங்க, பின்னாடி தம்பி தங்கச்சிங்க நிக்கிறீங்க, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே விஷயத்ததான் பேசப்போறேன், புள்ளைங்க கையில இருக்கற கேம வச்சே சினிமா எடுக்கலாம், அதுவும் நம்ம கதைய எடுக்கலாம்.

இதுக்கு மஷினிமான்னு பேரு, மெஷினையும் சினிமாவையும் ஒட்டி வச்ச பேரு. 1996 ஜூன்ல குவேக்னு ஒரு சண்டை கேம் வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல அத விளையாடிட்டிருந்த ஒரு பசங்க கூட்டம் அதுக்குள்ளயே டைரி ஆஃப் எ கேம்பர்னு ஒரு குட்டிப் படம் பண்ணிட்டாங்க, ரெண்டு நிமிஷம்கூட வராது, குரல் கிடையாது, பேசறதெல்லாம் எழுத்தா திரையில ஓடும். ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அவங்க வீடியோ எடுக்கல. யாரு எந்த இடத்துல நின்னான், எந்தப் பக்கம் திரும்புனான், எப்ப சுட்டான்னு அந்தக் குறிப்ப மட்டும்தான் கேம் ஒரு ஃபைலா எழுதி வைக்கும். நம்ம ஊர்ல கூத்து வாத்தியாரு கையில ஒரு நோட்டு இருக்கும்ல, ராஜா இந்தப் பக்கம் வரணும் மந்திரி அந்தப் பக்கம் நிக்கணும்னு, அந்த நோட்ட மட்டும் அடுத்த ஊருக்கு அனுப்பி வச்சா அங்க இருக்கற கூத்துக்காரங்க அத பாத்து அப்படியே ஆடிக் காட்டுவாங்க இல்லையா, அதேதான். ஃபைல் ரொம்ப சின்னது, அந்தக் காலத்து டெலிபோன் லைன் நெட்லயே அனுப்பிடலாம், வாங்குனவன் வீட்டு கம்ப்யூட்டர்ல கேம் அத திருப்பி நடிச்சுக் காட்டும்.

அப்புறம் 2003 ஏப்ரல் 1-ம் தேதி ரெட் வெர்சஸ் ப்ளூன்னு ஒரு தொடர் ஆரம்பிச்சுச்சு, அமெரிக்காவுல டெக்சாஸ் பசங்க, ஹேலோ கேமுக்குள்ள எடுத்தது. அதுல சில பேர் நடிப்பாங்க, இன்னொருத்தரு சும்மா நின்னு பாப்பாரு, அவரு கண்ணுதான் கேமரா! எல்லாரும் ஹெல்மெட் போட்ட சிப்பாய்ங்க, வாய் அசையாது, அதனால பேசறவன் தலைய மட்டும் ஆட்டுவான், குரல் பின்னாடியிருந்து வரும், தோல்பாவைக் கூத்துல திரைக்குப் பின்னாடி ஒரே ஆளு ராமனுக்கும் அனுமாருக்கும் குரல் கொடுப்பாருல்ல, அது மாதிரி. பேசும்போது துப்பாக்கிய நீட்டிக்கிட்டே நிக்க வேண்டியிருக்கேன்னு பிஸ்டல தரையப் பாத்து இறக்கிப் பாத்தாங்க, கேம்ல இருந்த ஒரு கோளாறுனால தலை மட்டும் நேரா நின்னுச்சு, அத வச்சே எடுத்தாங்க. அடுத்த ஹேலோவுல கம்பெனியே துப்பாக்கிய இறக்கறதுக்குன்னு தனியா வழி வச்சுக் கொடுத்துச்சு.

எனக்கு மனசுல பதிஞ்சது வேற ஒண்ணு. 2005 அக்டோபர் கடைசியில பாரிஸ் பக்கம் ஒரு ஊர்ல போலீசுக்குப் பயந்து ரெண்டு பையங்க கரண்ட் சப்ஸ்டேஷனுக்குள்ள ஒளியப் போயி ஷாக் அடிச்சு செத்துட்டாங்க, நாடு பூரா கலவரம் ஆயிடுச்சு. அலெக்ஸ் சான்னு ஒருத்தரு, அதுக்கு முன்னாடி படமே எடுத்ததில்ல, தி மூவிஸ்ங்கற கேமுக்குள்ள உக்காந்து தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரசின்னு கிட்டத்தட்ட 13 நிமிஷப் படம் பண்ணிட்டாரு, டிவிக்காரங்க சொல்லாத பக்கத்த சொன்னாரு. அந்த கேம்ல பாரிஸே கிடையாது, எல்லாம் அமெரிக்கா செட்டு, மெட்ரோ ரயிலுக்கு பதிலா நியூயார்க் ரயில்தான் வரும், பாக்கறவங்களுக்கு அது பெருசாப் படல, கதை அவங்க கதைங்கறது தெரிஞ்சுது.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அப்பத்தாவுக்கு 1942-ல 7 வயசு. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன்ல, அதான் இந்த யாங்கோன்ல, குண்டு விழுந்துச்சு, அடுத்த மார்ச்ல ஜப்பான்காரங்க ஊருக்குள்ள வந்துட்டாங்க, அந்த இடைவெளியிலயும் அதுக்கப்புறமும் நம்ம ஜனம் இந்தியாவுக்கு நடையா நடந்துச்சு, ஒரு கூட்டம் புரோம் போயி தௌங்கப் கணவாய் ஏறி அரக்கான் பக்கம், இன்னொண்ணு தாமு வழியா மணிப்பூருக்கு. சுமார் 5 லட்சம் பேர்ங்கறாங்க. காலரா, மலேரியா, பசி, பல ஆயிரம் பேர் வழியிலயே போயிட்டாங்க. இத நம்ம பக்கத்துலேருந்து ஒரு நல்ல படமா எடுக்க யாரு காசு போடுவா? மலைக்குப் போக முடியாது, ஆயிரம் பேருக்கு சேலை வேட்டி வாங்க முடியாது. அதனால நானும் ரெண்டு தம்பிங்களும் அன்ரியல் எஞ்சின்ல, அதாவது கேம் செய்யறதுக்குன்னு இருக்கற ஒரு சாஃப்ட்வேர்ல, அந்த ரோட்ட கட்ட ஆரம்பிச்சோம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது ஓசி, கம்ப்யூட்டர்ல பொம்மை செய்யற பிளெண்டர்ங்கற சாஃப்ட்வேரும் ஓசி.

இதுல கரண்ட் கணக்கு ஒண்ணு சொல்லணும், இங்க எல்லாருக்கும் புரியும். 10 நிமிஷப் படம்னா ஒரு செகண்டுக்கு 24 தனித்தனிப் படம் வீதம் 14,400 படம். பழைய முறை அனிமேஷன்ல ஒரு படம் வரைய கம்ப்யூட்டருக்கு 10 நிமிஷம்னு வச்சாலும் 100 நாள் நிறுத்தாம ஓடணும், பாதி நேரம் கரண்ட் இல்லாத வீட்டுல அது 200 நாள். கேம் எஞ்சின் விளையாடற வேகத்துலயே வரையறதுக்குன்னு செஞ்சது, நாம நல்லா வரணும்னு ஒரு படத்துக்கு 2 செகண்ட் கொடுத்தா 8 மணி நேரம், ரெண்டு தவணை கரண்ட்ல முடிஞ்சிடும். இது இல்லன்னா நாங்க தொட்டிருக்கவே மாட்டோம். ஒரு நாள் சேவ் பண்றதுக்குள்ள கரண்ட் போயி ரெண்டு நாள் வேலை போச்சு, அன்னைக்கு ரொம்ப நொந்துட்டோம், அப்புறம்தான் மூணு பேரும் காசு போட்டு பழைய யுபிஎஸ் ஒண்ணு வாங்கினோம்.

கேம் கடைகள்ல தேடுனா சிப்பாய் கிடைக்குது, ரோபோ கிடைக்குது, பித்தளைக் குடம் இடுப்புல வச்ச கெழவி கிடைக்க மாட்டேங்குறா. சேலை மடிப்பு கம்ப்யூட்டர்ல வரவே இல்ல, அட்டை மாதிரி விறைச்சிட்டு நின்னுச்சு. ஒரு மாசம் மல்லு கட்டினோம். அப்புறம் அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு, அவங்க ஆத்தா முந்தானைய பிடிச்சிக்கிட்டேதான் நடந்தாங்களாம், மூஞ்சி எல்லாம் ஞாபகம் இல்ல, காலுங்கதான் ஞாபகம், வெடிச்ச குதிகால், சேறு, செருப்பு இல்லாத காலுங்கன்னு சொல்வாங்க. அன்ரியல்ல ஒரு அளவுன்னா ஒரு சென்டிமீட்டர், கேமராவ 105-ல வச்சேன், 7 வயசுப் பிள்ளையோட கண்ணு உயரம். கூட்டம் முழுசா மாறிடுச்சு, சேலை ஓரமும் காலும் மூட்டையும் மட்டும்தான் தெரிஞ்சுது, ராத்திரி ரெண்டு மணிக்கு அத பாத்துட்டு நாங்க மூணு பேரும் பேசவே இல்ல.

தூக்க முடியாம ஜனங்க ரோட்டோரம் விட்டுட்டுப் போன பாத்திரங்கள அப்பத்தா அடிக்கடி சொல்வாங்க. எங்க வீட்டுக் குடத்த நூல் வச்சு அளந்து பிளெண்டர்ல செஞ்சோம், முதல்ல கடையில வாங்குன புதுசு மாதிரி மின்னுச்சு, ரஃப்னஸ்னு ஒரு எண் இருக்கு, ஏத்துனா மினுமினுப்பு மங்கும், அத ஏத்தி ஏத்தி 0.45-ல வச்சு, அடியில கரி பூசினதும்தான் வீட்டுக் குடம் ஆச்சு.

தம்பி, தங்கச்சி, உங்க வீட்டுல தாத்தா பாட்டி யாராவது இருந்தா இன்னைக்கே போன எடுத்து அவங்க குரல பிடிச்சு வைங்க, படம் அப்புறம் பண்ணிக்கலாம், எஞ்சின் எங்கயும் போகாது. குரல்தான் எங்களுக்கு இல்லாம போச்சு, அப்பத்தா பேச்ச நாங்க ஒரு தடவகூட பிடிச்சு வைக்கல.

இப்ப ஒன்றரை நிமிஷம் ஒரு ஷாட் போடுறேன், அந்த லைட்ட கொஞ்சம் அணைங்க. இடது பக்கம் மரத்தடியில குடம் கெடக்கும், அதோட வாய் ஓரத்துல ஒரு நசுங்கல் தெரியும் பாருங்க, அது எங்க வீட்டுக் குடத்துல இருக்கறது.