துஞ்சினார், இறந்தார், தவறினார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அன்றாடச் சொல் வழக்குகளைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அவற்றுள் தமிழர் சாவைச் சாவு என்று சொல்லாமல் சொல்லிவரும் முறை ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் தெருச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். ஒருவர் சிவலோகப் பதவி அடைந்திருப்பார், இன்னொருவர் வைகுண்டப் பதவி அடைந்திருப்பார். கிறித்தவக் குடும்பத்தார் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்று அச்சிட்டிருப்பார்கள். இசுலாமியர் 'வஃபாத்தானார்' என்று அறிவிப்பார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் 'இயற்கை எய்தினார்' என்பார்கள். போனவர் எந்த நம்பிக்கையோடு வாழ்ந்தார் என்பதை அந்த ஒரு வினைச்சொல்லே சொல்லிவிடும். ஆனால் 'செத்தார்' என்று எந்தச் சுவரொட்டியிலும் காண மாட்டீர்கள்.

இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல் தகுதியான வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. இவற்றுள் மங்கலமற்றதை மங்கலமான சொல்லால் கூறும் மங்கலத்திற்குச் செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் எடுத்துக்காட்டுகளாகப் பள்ளிப் பாடம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. மக்கள் நாவில் புழங்கியதைக் கேட்டு, அதைப் பிழை என்று தள்ளாமல் வகைப்படுத்தி வைத்தார்களே, அந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

துஞ்சுதல் என்றால் உறங்குதல். 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்னும் 926ஆம் குறளில் அச்சொல் உறங்குபவரைத்தான் குறிக்கிறது. அதே சொல்லைப் புறநானூற்றின் அடிக்குறிப்புகள் மன்னர்களின் மறைவுக்கு ஆள்கின்றன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று, உயிர் நீத்த இடமே ஒரே பெயர் கொண்ட மன்னர்களை வேறுபடுத்திக் காட்டும் அடைமொழியாகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் இவ்வழக்கு தொடர்கிறது. சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. 949இல் தக்கோலப் போரில் யானை மீதிருந்தபடியே வீழ்ந்த இளவரசர் இராசாதித்தர் 'ஆனைமேல் துஞ்சினார்'. போர்க்களத்தின் நடுவில், யானையின் முதுகில், அம்பு பட்டு நேர்ந்த மரணத்தையும் உறக்கம் என்றே கல்லில் வெட்டிய அந்த உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். இன்றைய கிறித்தவச் சுவரொட்டியின் 'நித்திரை'யும், அது வந்த வழி வேறானாலும், பொருளால் இந்தத் 'துஞ்சுத'லோடு ஒன்றிவிடுகிறது.

'இறந்தார்' என்னும் சொல்லின் கதை இன்னும் நுட்பமானது. இறத்தல் என்றால் கடத்தல். இறந்த காலம் என்பது கடந்துபோன காலமே அல்லவா? 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்று 152ஆம் குறள் தொடங்கும்போது, பிறர் வரம்பு கடந்து செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. மரணத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆனால் 22ஆம் குறளில் 'வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று' என்பது உலகில் மாண்டவர்களையே குறிக்கிறது. ஒரே நூலில் இரு பொருளும் அருகருகே வாழ்கின்றன. கடந்து சென்றார் என்று மென்மையாகச் சொன்ன சொல்லுக்குள் நாளடைவில் மரணமே முழுவதுமாகக் குடியேறிவிட்டது. அதனால் இன்று துக்க வீட்டில் 'எப்போது இறந்தார்?' என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை. இறப்புச் சான்றிதழ் என்று அலுவலகம் எழுதுகிறது. அதை வாங்க வந்த மகனோ, 'அப்பா போன வாரம் தவறிட்டாருங்க' என்றுதான் சொல்கிறான்.

'தவறுதல் என்றால் பிழை செய்தல் அல்லவா, அது என்ன தமிழ்?' என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைதவறிப் போனது என்கிறோமே, அங்கே இருப்பது இழப்பு. நம் கையை விட்டுப் போய்விட்டார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைப் புலவர் அவையில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. உண்மையை மறைப்பதற்காகவும் இப்படிச் சொல்வதில்லை, ஏனெனில் கேட்பவர் எவருக்கும் பொருளில் ஐயம் எழுவதில்லை. துயரத்தில் இருப்பவர் எதிரே குரலைத் தாழ்த்திக்கொள்வது போன்ற மரியாதைதான் இது.

வள்ளுவர் தயக்கமின்றி ஆண்ட 'செத்தார்' என்பதோ, இன்று மரியாதைக்குரியவர்களைப் பற்றிய பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டது. எலி செத்தது என்கிறோம், பேட்டரி செத்துப்போச்சு என்கிறோம். மனிதரைப் பற்றிச் சொன்னால், பெரும்பாலும் சினத்திலோ வெறுப்பிலோதான் அச்சொல் இன்று வாயில் வருகிறது.