ஒரு மெய்யெழுத்து

தலைவர் அவர்களே, முன்வரிசையில் விறைப்பாக வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் அய்யா அவர்களே, என் நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். தன் பாலினத்தவரையே நேசிக்கும் தன்பாலீர்ப்பாளர்கள் படையில் படும் பாட்டைப் பற்றி வரலாறு, சட்டம், குடும்பம் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி. படைமுகாமில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் தினமும் செய்வது அதைத்தான். பக்கத்துக் கட்டில்காரர், "போனில் யாருப்பா?" என்பார். 'அவன்' என்பது 'அவள்' ஆக வேண்டும். மாறுவது ஒரு மெய்யெழுத்துதான். பதினைந்து வருடம் அது வாய் தவறாமல் இருக்க வேண்டும். எல்லைக்காவலே இதைவிடச் சுலபம்!

லெனர்ட் மேட்லோவிச் என்று ஒரு அமெரிக்க விமானப்படை சார்ஜென்ட். வியட்நாமில் கண்ணிவெடியில் காயம்பட்டவர், பதக்கம் வாங்கியவர். 1975இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று தானே கடிதம் எழுதி மேலதிகாரி கையில் கொடுத்தார். அப்புறம் விசாரணை. "இனி அப்படி நடக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டால் வேலையில் இருக்கலாம் என்றார்கள். ஒரு கையெழுத்துதானே, நாமாக இருந்தால் போட்டிருப்போம். அவர் போடவில்லை. வெளியேற்றினார்கள். வழக்காடினார், 1980இல் 1,60,000 டாலர் தந்து முடித்துக்கொண்டார்கள். 1988இல் இறந்தார். வாஷிங்டனில் அவர் கல்லறைக் கல்லில் பெயர் கிடையாது. இரண்டு ஆண்களைக் கொன்றதற்குப் பதக்கம் தந்தார்கள், ஓர் ஆணை நேசித்ததற்கு வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது.

(கைதட்டல். கர்னல் அய்யாவும் தட்டினார், நன்றி.)

அதற்குப் பிறகும் அந்த நாடு திருந்தவில்லை. 1993இல் 'கேட்காதே, சொல்லாதே' என்று சட்டம் போட்டார்கள்: நீ தன்பாலீர்ப்பாளரா என்று படை கேட்காது, நீயும் வெளியே சொல்லக் கூடாது. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சட்டமே! 13,000 பேருக்கு மேல் வேலை இழந்த பிறகு, 2011 செப்டம்பரில்தான் அது ஒழிந்தது.

சரி, நம் கதை? 2018 செப்டம்பர் 6 அன்று, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது உச்ச நீதிமன்றம். நான்கு மாதத்தில், இதை ராணுவத்துக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றார் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' நடத்தை என்ற சொல் இருக்கிறது, ஏழு ஆண்டு வரை சிறை. அந்தச் சொல்லை நீக்க வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். கர்னல் அய்யா முதல் கையெழுத்துப் போட்டால் மகிழ்வேன்.