அந்த அரை மணி நேரம் குழந்தைகளுக்கு வேண்டும்

(கோடை வாசிப்பு முகாம் நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்களே, வாழ்த்துரை முடிந்ததும் வேறொரு விழாவுக்குப் போக வேண்டியிருந்தும் எனக்காகக் காத்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, பெற்றோர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் என் சின்ன நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அவசரமாகிவிடும். இந்த முகாமுக்காக இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிட்டவர் தலைமையாசிரியை அம்மா. விடுமுறையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பது எவ்வளவு பொறுப்பு என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். இருநூறு புத்தகங்களை இரவல் கொடுத்து, 'கிழிந்தால் கிழியட்டும், பிள்ளைகள் தொடட்டும்' என்று சொன்னவர் நம் நூலக அலுவலர். ஓடாமல் கிடந்த மின்விசிறிகளை ஒரே நாளில் ஓட வைத்தவர் நகர்மன்றத் தலைவர். மூவருக்கும் பிள்ளைகள் சார்பில் என் கைகூப்பு.

சரி, தலைப்புக்கு வருகிறேன். தமிழ்ச் சேனல்களில் குழந்தைகள் நிகழ்ச்சி எங்கே போனது? இதில் மூன்று விஷயங்கள் பேச நினைத்து வந்தேன். ஒன்று விளம்பரம், இரண்டாவது டப்பிங், மூன்றாவது நேரம். நேரத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழி சொல்வேன். அழுத பிள்ளை பால் குடிக்கும். டி.வி. விஷயத்தில் நம் பிள்ளைகள் அழவே இல்லை. அவர்களுக்காக நாமும் அழவில்லை. அதனால்தான் இந்த நிலை.

ஒரு காலத்தில் யாரும் கேட்காமலே கொடுத்தார்கள். 1975 ஆகஸ்டில் அமெரிக்காவிடமிருந்து ஒரு செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள் நம் இஸ்ரோ விஞ்ஞானிகள். பல ஊர்களில் மின்சாரமே வராத காலம் அது. அந்தத் திட்டத்தில் காலை நேரம் யாருக்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கு! பெரியவர்களுக்கான நிகழ்ச்சி மாலையில்தான். கையில் இருந்ததே கொஞ்ச நேரம். அதிலும் குழந்தைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள்.

அதே மாதம் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கியது. அப்புறம் 'கண்மணிப் பூங்கா' வந்தது, 'காண்போம் கற்போம்' வந்தது. இங்கே நாற்பதைத் தாண்டிய பலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. பெரிய செட் கிடையாது. நாலு பிள்ளைகள், ஒரு அக்கா அல்லது மாமா, ஒரு பாட்டு, ஒரு கதை, கொஞ்சம் கைவேலை. ஆனால் அதில் வந்த பிள்ளை நம் தெருப் பிள்ளை மாதிரி பேசியது. தெருவில் ஒரு வீட்டில்தான் டி.வி. இருக்கும். அந்த வீட்டுத் திண்ணை, வாசல், ஜன்னல் எல்லாம் பிள்ளைகளாக இருக்கும். அன்று இருந்தது ஒரே சேனல், அதில் குழந்தைக்கு இடம் இருந்தது. இன்று ரிமோட்டை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும் அளவுக்குச் சேனல்கள். மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருக்கும் நேரத்தில், குழந்தைக்கென்று ஒரு நிகழ்ச்சியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு. 'டி.வி.யில் உங்களுக்கு ரொம்பப் பிடித்ததை நடித்துக் காட்டுங்கள்' என்றேன். முயல் வரும், பூனை வரும் என்று எதிர்பார்த்தேன். ஐந்து பிள்ளைகள் எழுந்து மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள். ஒரு சிறுமி டீச்சரின் துண்டை வாங்கி முந்தானை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, புருவத்தைத் தூக்கினாள். மாமியார்! எதிரில் ஒரு பெண் குழந்தை தட்டோடு நின்றது. மருமகள். 'இந்த வீட்டுச் சொத்து ஒரு பைசா உனக்குக் கிடைக்காது' என்றாள் மாமியார். உடனே பக்கத்தில் நின்ற பையன், 'டொய்ங்! டொய்ங்! டொய்ங்!' என்றான். அவன் பின்னணி இசை. ஒவ்வொரு 'டொய்ங்'குக்கும் மருமகள் தலையைச் சடக்கென்று திருப்புகிறாள், மூன்று தடவை! நாலாவது பையன் குறுக்கே ஓடி வந்து, 'வெள்ளை வெளேர் துணிக்கு' என்று கையை விரித்தான். விளம்பர இடைவேளையாம். ஐந்தாவது பையன் சிலேட்டை மார்பில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். சிலேட்டில் 'தொடரும்' என்று எழுதியிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று நானும் டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவ்வளவு திறமை! இசை, எடிட்டிங், இடைவேளை எல்லாமே அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. சிரித்து முடித்ததும் அந்த மாமியார்க் குழந்தையிடம் கேட்டேன்: 'ஏம்மா, இந்தக் கதையில் உன் வயசுப் பிள்ளை யாராவது இருக்கா?' கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இருக்கு சார், அதைக் கடத்திட்டுப் போயிட்டாங்க' என்றாள். 'அப்புறம்?' என்றேன். 'இன்னும் கிடைக்கல சார்.'

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் டி.வி.யில் குழந்தைக்கு இருக்கும் இடம் அதுதான். கடத்தப்படும், ஆஸ்பத்திரியில் கிடக்கும், பெரியவர்கள் சண்டை போட ஒரு காரணமாக இருக்கும். அதற்கென்று ஓர் ஆசை, ஒரு சந்தேகம், ஒரு குறும்பு இருப்பதாக யாரும் கதை எழுதுவதில்லை.

'பாட்டுப் போட்டி, நடனப் போட்டி எல்லாவற்றிலும் குழந்தைகள் வருகிறார்களே' என்பார்கள். வருகிறார்கள். பாடுவது யாருடைய பாட்டு? எட்டு வயதுப் பிள்ளை காதல் பாட்டைப் பாடும், நடுவர் கண் கலங்குவார், அம்மா அழுவதைக் கேமரா பக்கத்தில் போய்க் காட்டும். குழந்தை திரையில் இருப்பது வேறு, குழந்தைக்காகத் திரை இருப்பது வேறு. நடிக்கவோ பாடவோ வரும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அந்தக் குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று 2017 முதல் விதியே இருக்கிறது. அது வேலை செய்யும் குழந்தைக்கான விதி. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கென்று நிகழ்ச்சி காட்டச் சொல்லும் விதி இல்லை.

'குழந்தைகளுக்குத்தான் தனிச் சேனலே இருக்கிறதே' என்று இன்னொரு பதில். 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2007இல் தமிழிலேயே சுட்டி டி.வி. வந்தது. டோரா தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று கல்லூரியை முடித்துவிட்டார்கள். அந்தக் குரல் கலைஞர்களை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தைக்குத் தனி அறை கட்டிக் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு வராதே என்று சொல்வது போலத்தான் இது. நான் கேட்பது கூடத்தில் ஓர் இடம். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்க்கும் நேரத்தில் ஓர் இடம். டப்பிங் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, நேரம் போய்க்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

ஏன் இடம் இல்லை? கணக்கு எளிது. பார்வையாளர் எண்ணிக்கை எடுக்கும்போது இரண்டு வயதுக் குழந்தையைக்கூட எண்ணுகிறார்கள். ஆனால் விளம்பரம் கொடுப்பவர் தேடுவது சோப்பும் எண்ணெயும் நகையும் வாங்குகிறவர்களை. ஏழு மணிக்கு ஒரு தொடர் கொண்டுவரும் பணத்தைக் குழந்தைகள் கதை கொண்டுவராது. சேனல்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நடத்துவது வியாபாரம். வியாபாரம் தானாக ஒதுக்காத இடத்தைச் சட்டம்தான் ஒதுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவிலேயே 1990இல் இதற்குச் சட்டம் போட்டார்கள். பிறகு 1996இல், நிலையங்கள் வாரத்துக்கு மூன்று மணி நேரம் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி காட்ட வேண்டும் என்று அளவும் வகுத்தார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றேனே, அங்கே பெற்றோர்கள் சங்கம் வைத்து வருடக்கணக்கில் போராடினார்கள், கிடைத்தது.

இங்கே நாம் புதிதாகச் சட்டம் கேட்கக்கூட வேண்டியதில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். சேனல்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் புதுப்பித்தது. அதன்படி சேனல்கள் தினமும் அரை மணி நேரம் பொதுநல நிகழ்ச்சி காட்ட வேண்டும். என்னென்ன பொருளில் என்று எட்டுத் தலைப்புகள் இருக்கின்றன. கல்வி இருக்கிறது, விவசாயம் இருக்கிறது, சுகாதாரம், அறிவியல், பெண்கள் நலன், சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கிறது. குழந்தைகள் என்று தனித் தலைப்பு இல்லை! அதோடு, 2023 ஜனவரியில் ஒரு விளக்கமும் வந்தது. அந்த அரை மணியை ஒரே மூச்சில் காட்ட வேண்டியதில்லை, துண்டு துண்டாகக் காட்டலாம், மற்ற நிகழ்ச்சிகளுக்கு உள்ளேயே சேர்த்தும் கணக்குக் காட்டலாம்.

நம் கோரிக்கை இரண்டே வரி. குழந்தைகள் என்று ஒன்பதாவது தலைப்பு வேண்டும். அந்த அரை மணி நேரம் துண்டாகாமல், மாலை ஆறிலிருந்து எட்டுக்குள், தமிழில், இங்கேயே எடுத்த குழந்தைகள் நிகழ்ச்சியாக வர வேண்டும். குழந்தைக்குப் பயன் தரும் விஷயங்களை ஊடகங்கள் பரப்ப அரசு ஊக்கம் தர வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு சொல்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.

எதைக் காட்டுவது என்ற கவலையே வேண்டாம். வள்ளியப்பாவின் பாட்டு இருக்கிறது. தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கு விருது கொடுக்கிறது. அந்த எழுத்தாளர்களைத் தேடிப் போகும் தயாரிப்பாளர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 2019இல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் பாடம் வேறு, கதை வேறு. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

'பிள்ளைகள் எல்லாம் செல்போனில் பார்க்கிறார்கள், டி.வி.யை யார் பார்ப்பது?' என்று நகர்மன்றத் தலைவர் மேடை ஏறும் முன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கூடத்தில் இடம் இல்லாததால்தான் ஐயா, அவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது நமக்கே தெரியாது. விளம்பரம் பற்றிப் பேச நேரம் இல்லை, மன்னிக்க வேண்டும். தலைமையாசிரியை அம்மா மணியைப் பார்க்கிறார்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு மனு, சேனல்களின் நிகழ்ச்சிப் பிரிவுகளுக்கு ஒரு கடிதம். படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள். பழமொழியை மறக்காதீர்கள், அழுத பிள்ளை பால் குடிக்கும். நம் பிள்ளைகளுக்காக நாம்தான் இதைக் கேட்க வேண்டும். சின்ன நண்பர்களே, நீங்கள் டி.வி.யில் என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வரைந்தும் கொடுக்கலாம். அதை அப்படியே மனுவோடு இணைத்து அனுப்பப் போகிறோம். முதல் கையெழுத்தை நகர்மன்றத் தலைவர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கிளம்ப வேண்டும், அதனால் அவருக்கு வழி விட்டு நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.