சிராங்கூன் ரோட்டில் ஒரு புலி

ஒலி 96.8 நேயர்களுக்கு வணக்கம்.

நம் வீடுகளில் பிள்ளைகள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனால், "என்னடா, தேவாங்கு மாதிரி ஆயிட்டே" என்று பாட்டிமார் வைவார்கள். நானும் சின்ன வயதில் வாங்கிய திட்டுதான். ஆனால் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் முதன்முதலில் பார்த்தது காட்டிலும் இல்லை, மண்டாய் விலங்கியல் தோட்டத்திலும் இல்லை. ஈசூனில் ஒரு நான்கறை வீட்டுச் சமையலறையில், மைலோ அட்டைப்பெட்டிக்குள் பார்த்தேன்.

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காட்டு விலங்குகளைத் தனி ஆட்கள் வளர்க்கலாமா, கூடாதா என்று உலகம் முழுக்க நடக்கும் வாதத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த வாதம் மொத்தமும் எனக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

நான் பல வருடங்களாக வனவிலங்கு மீட்புப் பணியில் தொண்டூழியம் செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பு வந்தது. கதவைத் திறந்தவர் என் வயதுப் பெண்மணி, நம் தமிழர்தான். "வாங்கக்கா, செருப்பெல்லாம் கழற்ற வேணாம், சீக்கிரம் வாங்க" என்றார். அவருடைய மகன் கைபேசியில் யாரிடமோ பேரம் பேசி, ஒரு கார் நிறுத்துமிடத்தில் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறான். இரண்டு மாதத்தில் தேசிய சேவைக்கு, அதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போய்விட்டான். பிறகு வார இறுதியில் மட்டும்தான் வீடு. அந்தப் பிராணி சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பழைய கைலித் துணி. பக்கத்தில் வாழைப்பழத் துண்டு கறுத்துப்போய்க் கிடந்தது. குழல்விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் அது கண்ணை இறுக்கிக்கொண்டது. இரவில் நடமாடும் பிராணி அல்லவா? அப்புறம், மெல்ல, மிக மெல்ல, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியது. பையன் அன்று வீட்டில் இருந்தான். "பாருங்க ஆன்ட்டி, கிச்சுகிச்சு மூட்டச் சொல்லுது" என்றான் ஆசையாக.

நேயர்களே, இப்படிப்பட்ட காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரோ கிச்சுகிச்சு மூட்ட, அது கையைத் தூக்க, கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். இங்கே காணப்படும் தேவாங்கு வகைக்கு ஸ்லோ லோரிஸ் என்று பெயர். அதன் முழங்கைக்கு உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. பயம் வந்தால் கையைத் தூக்கி, வாயை அந்தச் சுரப்பிக்கு அருகே கொண்டுபோகும். அதை நக்கும்போது சுரப்பும் உமிழ்நீரும் சேர்ந்து நஞ்சாகிறது. பாலூட்டிகளில் நஞ்சுள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இது அவற்றில் ஒன்று. அதனிடம் கடி வாங்கி, ஒவ்வாமையால் மூச்சு முட்டும் நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கையைத் தூக்கினால் "கிட்டே வராதே" என்று பொருள். ஒரு கிலோகூட எடை இல்லாத பிராணி அது. ஆபத்து என்றால் புலியும் முதலையும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, அந்தப் பையனை அது ஏன் கடிக்கவில்லை? வாயைத் திறந்து பார்த்தோம். கீழ்வரிசை முன்பற்கள் இல்லை. விற்பவர்கள் நகவெட்டியால் வெட்டிவிடுவார்கள், மயக்க மருந்து எதுவும் கிடையாது. தாடை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. அதனால்தான் சாப்பிடவில்லை. காட்டில் இவை அந்தப் பற்களால்தான் மரப்பட்டையைச் சுரண்டிப் பிசினைத் தின்னும். பல் போனால் காடும் போயிற்று. உடம்பு தேறினாலும் ஆயுசுக்கும் மனிதர்களின் பராமரிப்பில்தான் இருக்க வேண்டும்.

பையன் அழுதுவிட்டான். "நான் நல்லாத்தானே ஆன்ட்டி பாத்துக்கிட்டேன்" என்றான். உண்மைதான். அவனுக்குத் தெரிந்தவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். அதனால்தான் சொல்கிறேன், வளர்ப்பவர் நல்லவரா, பாசக்காரரா என்பது இந்த விஷயத்தில் கேள்வியே இல்லை. இதை இன்றைக்கு நான் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நாய், முயல், வெள்ளெலி, சிலவகைப் பறவைகள், சிவப்புக் காதுக்கோடு உள்ள ஆமை என்று அனுமதிக்கப்பட்டவை உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் வழி பிறந்தது. பாம்பு, உடும்பு, முள்ளெலி எல்லாம் கூடாது. மற்ற நாடுகளில் அப்படி இல்லை. லண்டனில் ஹாரட்ஸ் கடையில் 1969-இல் சிங்கக்குட்டியே வாங்கியிருக்கிறார்கள். அங்கே 1976-இல்தான் ஆபத்தான காட்டு விலங்குகளுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது.

வளர்ப்பவர்கள் தரப்பில் சொல்வதையும் கேட்க வேண்டும். "குட்டியிலிருந்து கையில் வளர்ந்தது, பழகிவிட்டது" என்பார்கள். நாய் மனிதனோடு சேர்ந்து பதினைந்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. தலைமுறை தலைமுறையாக அதன் குணமே மாறிவிட்டது. புட்டிப்பால் குடித்து வளர்ந்த புலிக்குட்டிக்குப் புட்டி பழகியிருக்கும், புலிக்குணம் மாறியிருக்காது. "என்னிடம் இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது" என்பார்கள். இந்த வாதத்துக்குத்தான் எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று தெரியும். பலருக்கும் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்லப்போகிறேன்.

சிராங்கூன் ரோட்டில் நாம் பூ வாங்குகிறோம், நகை பார்க்கிறோம். அதே ரோட்டில் 1920-களில் ஒரு பெரிய மாளிகை. 317-ஆம் எண். அதில் இருந்தவர் வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா, நிலபுலன் உள்ள இந்தியச் செல்வந்தர். விலங்கு மனிதர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். வீட்டிலேயே விலங்குகளைச் சேர்த்து வைத்திருந்தார். அபே என்று ஒரு வங்கப்புலி, எப்போதும் அவர் கூடவே இருக்குமாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தேக்கா பக்கம் ஒரு புலி! 1928-இல் எல்லாவற்றையும் பொங்கோலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய விலங்கியல் தோட்டமே அமைத்தார். இருநூறு விலங்குகள், இரண்டாயிரம் பறவைகள். ஊரே போய்ப் பார்த்தது.

பணம் இருந்தது. நிலம் இருந்தது. பாசம் இருந்தது. நம் பழமொழி யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்கும். அவரால் முடிந்தது. முடியாமல் போனதற்கு ஒரே ஒரு நாள் போதுமாக இருந்தது.

ஜப்பானியர் நெருங்கி வந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பொங்கோலில் தற்காப்பு அமைக்க வேண்டியிருந்தது. 24 மணி நேரத்தில் விலங்குகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். புலியையும் மலைப்பாம்பையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆபத்தானவற்றை ராணுவம் சுட்டது. பறவைகளையும் சாதுவான பிராணிகளையும் அவிழ்த்துவிட்டது. பாசப்பா 1943-இல் காலமானார். பொங்கோல் கடற்கரைக்கு நடைபயிற்சி போகும்போதெல்லாம் அந்த ஒரு நாள் அவருக்கு எப்படி விடிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

போர் என்பதால் அப்படி ஆனது என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் 2011 அக்டோபரில் போர் எதுவும் இல்லை. 56 விலங்குகள் வைத்திருந்த ஒருவர், தானே கூண்டுகளைத் திறந்துவிட்டார். அவற்றில் 18 வங்கப்புலிகள். இருட்டுகிற நேரம், பக்கத்திலேயே நெடுஞ்சாலை. காவலர்களுக்கு வேறு வழியில்லை, ஏறத்தாழ ஐம்பது விலங்குகள் செத்தன. அந்த மாநிலம் மறு ஆண்டே சட்டம் கொண்டுவந்தது. பெரும்பூனை இனங்களைத் தனி ஆட்கள் வளர்ப்பதற்கு எதிராக நாடு முழுமைக்கும் சட்டம் வர 2022 டிசம்பர் ஆயிற்று.

போர், கடன், நோய், மனக்கஷ்டம், தேசிய சேவை. வளர்ப்பவரின் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று மாறாமல் இருக்காது. நாயை அத்தை வீட்டில் விடலாம். புலியை யாரிடம் விடுவது? திரும்பவும் சொல்கிறேன், பாசப்பா நல்லவர். அந்த ஈசூன் பையனும் நல்லவன்.

ஒலிப்பதிவாளர் மூன்று விரல் காட்டுகிறார். அருகிவரும் இனங்களைத் தனியார் இனப்பெருக்கம் செய்து காப்பாற்றலாம் என்ற வாதத்தை விரிவாகப் பேசக் குறிப்பு எழுதி வந்தேன். ஒரு வரியில் முடிக்கிறேன். வீட்டுக் கூண்டில் வம்சாவளி தெரியாமல் கலந்து பிறக்கும் குட்டிகளைக் காட்டில் விட முடியாது.

ஆ மெங்கைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். நாம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்ட அந்த ஒராங் ஊத்தானும் கடத்திவரப்பட்டு, ஒரு குடும்பம் சட்டவிரோதமாக வளர்த்து, 1971-இல் மீட்கப்பட்டதுதான். இந்திய நட்சத்திர ஆமைகள் இன்னொரு கதை. இங்கே மீட்கப்பட்ட 51 ஆமைகளை 2018 நவம்பரில் ஏக்கர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பு விமானத்தில் கர்நாடகத்துக்கு அனுப்பிவைத்தது. அதற்கே தனியாகப் பத்து நிமிடம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், பயத்தில் நீர்த்தேக்கத்திலோ பூங்காவிலோ விட்டுவிடாதீர்கள். அது பட்டினி கிடக்கும், இல்லையென்றால் அங்கே இருப்பவற்றைத் தின்னும். தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். அன்று ஈசூனில் எங்களைக் கூப்பிட்டது அந்த அம்மாதான். அவர் கூப்பிட்டதால்தான் அந்தத் தேவாங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. இரவில் விழித்துக்கொண்டு, கிண்ணத்தில் வைக்கும் பிசினை நக்கித் தின்கிறது. வணக்கம்.