உலோகமும் கரிமமும் கலந்த படிகங்களில் மின்பண்பும் காந்தப் பண்பும்

அவையோருக்கு வணக்கம். உலோக அயனிகளும் கரிம மூலக்கூறுகளும் ஒழுங்காகக் கோத்து நிற்கும் படிகங்களில், இரண்டு உலோக அயனிகளுக்கு நடுவே எது நிற்கிறது என்பதே காந்தப் பண்பின் வலிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

டைமெத்தில் அம்மோனியம் மாங்கனீசு ஃபார்மேட் என்னும் படிகத்தை எடுத்துக்கொள்வோம். பெராவ்ஸ்கைட் என்னும் கனிமத்தைப் போன்ற கட்டமைப்பு கொண்ட இதில், மாங்கனீசு அயனிகளை ஃபார்மேட் தொகுதிகள் இணைத்துக் கூண்டுகளாக்குகின்றன. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு டைமெத்தில் அம்மோனியம் அயனி அடைபட்டிருக்கிறது. அறை வெப்பநிலையில் மூன்று நிலைகளுக்கிடையே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் அந்த அயனி, ஏறத்தாழ 185 கெல்வினுக்கு (சுமார் −88 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்ந்ததும், கூண்டின் ஆக்சிஜன்களோடு கொண்ட ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒரே நிலையில் அமர்ந்துவிடுகிறது. அப்போது, மின்புலத்துக்குப் படிகம் எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி சட்டென்று மாறுகிறது. இந்த மின் மாற்றம் கரிமப் பகுதியின் கொடை. மாங்கனீசின் இணையாகாத எலக்ட்ரான்கள் தரும் காந்த ஒழுங்கோ, அதாவது அயனிகளின் சிறு காந்தங்கள் ஒழுங்காக அணிவகுக்கும் நிலையோ, சுமார் 8.5 கெல்வினில்தான் தோன்றுகிறது.

ஏன் இத்தனை குளிர் வேண்டும்? சாதாரண மாங்கனீசு ஆக்சைடில் அண்டை அயனிகளை ஒற்றை ஆக்சிஜன் இணைப்பதால், அதன் காந்த ஒழுங்கு 118 கெல்வின் அளவிலேயே வந்துவிடுகிறது. ஃபார்மேட்டிலோ ஆக்சிஜன், கார்பன், ஆக்சிஜன் என மூன்று அணுக்களைக் கடந்தாக வேண்டும். அதற்குள் இடைவினை தளர்ந்துவிடுகிறது. மாங்கனீசுக்குப் பதில் நிக்கலை வைத்தாலும் ஏறத்தாழ 36 கெல்வின் வரைதான் எட்ட முடிகிறது. ஆகவே உலோகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டே அணுக்கள் கொண்ட சயனைடு, ஃபார்மேட்டைவிட நல்ல பாலம். வனேடியத்தையும் குரோமியத்தையும் சயனைடால் இணைத்த சேர்மம் ஒன்று ஏறத்தாழ 315 கெல்வின் வரை காந்தமாக இருப்பதாக 1995-இல் அறிவிக்கப்பட்டது. அது அறை வெப்பநிலையையும் தாண்டிய அளவு.

இதைவிடத் துணிச்சலான வழி, உலோகங்களை இணைக்கும் மூலக்கூறான ஈனியையே காந்தத்தில் பங்கேற்க வைப்பது. குரோமியம் குளோரைடும் பைரசீன் என்னும் வளைய வடிவக் கரிம மூலக்கூறும் சேர்ந்த அடுக்குப் படிகத்தில், குரோமியம் விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான் பைரசீன் வளையங்களில் பரவுகிறது. அதனால் படிகம் மின்சாரத்தையும் கடத்துகிறது, காந்தமாகவும் ஆகிறது. அதன் காந்த ஒழுங்கு சுமார் 55 கெல்வினில் வருகிறது. அதற்கு லித்தியம் வழியே மேலும் எலக்ட்ரான்களை ஊட்டியபோது, காந்தத்தன்மை 242 டிகிரி செல்சியஸ் (ஏறத்தாழ 515 கெல்வின்) வரை நிலைத்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. உலோகங்களுக்கு நடுவே நிற்கும் வளையமே இணையாகாத எலக்ட்ரானைச் சுமக்கும்போது, காந்த இடைவினை தொலைவைக் கடந்து தேய வேண்டியதில்லை. அது அண்டையிலேயே நேரடியாக நிகழ்கிறது.